இடது குழல்

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். மீதிப் பேருக்குத் தாங்கள் சொல்வது பொய் என்றே தெரியாது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, இது அசல், இது போலி, இது அசலாக இருந்து யாரோ கைவைத்துக் கெடுத்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. சேகரிப்பாளர்கள் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நான் படியிறங்கும்போது காதில் விழும். என் வீட்டுக்காரர் மட்டும் நேராகவே சொல்வார். எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கிறது, அதற்கு மேலே கண்ணாடி இருக்கிறது, வேறு எதற்கும் அங்கே இடமில்லை என்பார்.

வக்கீல் வீட்டுக்கு நான் போனது ஒரு புதன்கிழமை காலை. அவரிடம் குண்டு-ரவைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, வாங்க ஆள் வந்திருக்கிறது, என் சான்றிதழ் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்று அந்த ஆள் ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று போனில் சொல்லியிருந்தார். குண்டு-ரவை என்ற சொல்லைக் கேட்டால் நான் எந்த வேலையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போவேன். அது அபூர்வமான ஜாதி. குழல் முழுக்க உள்ளே வழவழவென்று இருக்கும். வாயிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மட்டும் திருகாணிபோலப் புரி வெட்டியிருக்கும். பறவைக்குக் கடுகு மாதிரி ரவைத் தோட்டா போடலாம். பெரிய மிருகத்துக்கு ஒற்றைக் குண்டு போடலாம். அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில் குண்டு சுழற்சி வாங்கிக்கொண்டு நேராகப் போகும். சாதாரணத் துப்பாக்கியின் வாயில் புதிதாகப் புரி வெட்டி, இந்த ஜாதி என்று சொல்லி விற்கும் கில்லாடிகளும் உண்டு. அதனால் எனக்கு அந்த இரண்டு அங்குலம்தான் முக்கியம்.

மாடியில் தனி அறை. இரண்டு கண்ணாடி அலமாரி, பச்சைத் துணி விரித்த மேசை, முற்றத்தைப் பார்த்த பெரிய ஜன்னல். துப்பாக்கி எண்ணெயின் வாசனை. வக்கீல் பெரிய உருவம், பெரிய குரல். நீதிமன்றத்தில் பேசிப் பேசி வீட்டிலும் அதே சத்தம். அவர் மனைவி கையில் துணியோடு வாசல் நிலையை ஒட்டி நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, அறுபதை எட்டும் வயது. நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

"துடைக்கிற வேலையெல்லாம் இவதான்," என்றார் வக்கீல். "இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. என்னையே தொட விட மாட்டா."

துப்பாக்கி அழகாக இருந்தது. இரட்டைக்குழல், கருத்த மரப்பிடி, பூவேலை அதிகமில்லாத அடக்கமான வேலைப்பாடு. குழல்களைக் கழற்றி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். வலது குழலில் வெளிச்சம் வெள்ளையாக வந்தது. இடது குழலில் வந்த வெளிச்சத்தில் இலேசான சிவப்பு. டார்ச்சை விரலால் மூடிப் பிடித்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். துருப் படலமாக இருக்கும் என்று நினைத்துத் துணி விட்டு இழுத்தேன். துணி சுத்தமாக வந்தது. சிவப்பு போகவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். இடது குழலின் வாய் விளிம்பில் மட்டும் கருப்பு மெருகு தேய்ந்து வெளுத்திருந்தது. புரியை யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது.

தோட்டாப் பெட்டியைத் திறந்து காட்டினார். காகித உடம்பு, பித்தளை அடி, நுனியில் ஈயக் குண்டு. துப்பாக்கி செய்தவனே செய்த தோட்டாக்கள். பத்து கொள்ளும் பெட்டியில் எட்டு இருந்தன. இந்த மாதிரித் தோட்டா ஒன்று கிடைத்தால் பஞ்சில் சுற்றி வைப்பார்கள் எங்கள் ஆட்கள். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துவிட்டு அடியைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. எட்டில் ஏழின் அடியில், விசையை இழுத்தால் வந்து இடிக்கும் ஊசியின் குழி. நன்றாக, ஆழமாக, நடுவில் விழுந்த குழி. வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை. ஊசி பட்ட தோட்டாவைச் சேகரிப்பாளன் எவனும் சீந்த மாட்டான்.

"இதை யார் பண்ணினது?"

"இடது குழல் ஊமை மேடம். ஊசி மாத்தியாச்சு, ஸ்பிரிங் மாத்தியாச்சு, மூணு மெக்கானிக் பாத்தாச்சு. வலது பக்கம் போட்டா சுடுது. இடது பக்கம் போட்டா டக்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

"இருபத்தி நாலு வருஷமா. வாங்கின புதுசுல நல்லாத்தான் பேசிச்சு. அப்புறம் வாயை மூடிக்கிச்சு." மனைவி பக்கம் பார்த்துச் சிரித்தார். "இந்த வீட்டுல பேசாததுங்க ரெண்டு."

"ஊமைன்னு தெரிஞ்சும் எதுக்கு ஏழு தோட்டாவைப் பாழாக்கினீங்க?"

"சும்மா. அப்பப்ப."

துப்பாக்கிக்காரர்களின் கிறுக்குத்தனம் எனக்குப் பழகிப்போனது. மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

புரி அசலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் ஒரு கலப்பு உலோகம் வைத்திருப்பேன். குழலை நிமிர்த்திப் பிடித்து, வாய்க்குள் இரண்டரை அங்குல ஆழத்தில் துணி அடைப்பு வைத்து, உருகிய உலோகத்தை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். பின்பக்கமிருந்து குச்சியால் தள்ளினால் கட்டைவிரல் பருமனில் ஓர் அச்சு வந்து விழும். புரியின் ஒவ்வொரு கோடும் அதில் பதிந்திருக்கும். அளந்து பார்த்தால் நூறு வருடத்துக்கு முன்னால் வெட்டியதா, போன மாசம் வெட்டியதா என்று தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் அச்சை உருக்கி அடுத்த துப்பாக்கிக்கு வைத்துக்கொள்வேன்.

வலது குழல் அச்சு லேசாகத் தட்டியதும் விழுந்தது. வக்கீலுக்குக் கீழே போன் வந்தது, இறங்கிப் போனார். இடது குழலில் துணி அடைப்பு உள்ளே போகும்போதே ஏதோ மெத்தென்று விட்டுக்கொடுத்தது போலிருந்தது. ஊற்றி, ஆறவிட்டு, தள்ளினேன். வரவில்லை. அழுத்தித் தள்ளினேன். உள்ளே எதுவோ கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு விட்டது. வாயில் விரல் வைத்துச் சப்பும் குழந்தையிடமிருந்து விரலைப் பிடுங்கினால் வரும் சத்தம் கேட்டது. அச்சு என் உள்ளங்கையில் விழுந்தது.

வாசலில் நின்றிருந்த அந்த அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டார். "அதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அந்த வீட்டில் நான் கேட்ட அவருடைய முதல் வார்த்தை அதுதான்.

"ஆபீஸ்ல வச்சு அளந்துட்டு உருக்கிடுவேன்ம்மா."

"உருக்கிடுவீங்களா?"

"அடுத்த வேலைக்கு ஆகும்ல."

அவர் ஒரு எட்டு எடுத்து உள்ளே வைத்தார். படியில் வக்கீலின் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். துப்பாக்கியைத் திரும்பப் பூட்டுவதற்கு முன் வழக்கம்போல ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குழலிலும் வெளிச்சம் வெள்ளையாக வந்தது.

என் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. சாயங்காலம் நான்கு மணி வாக்கில் அச்சுகளை எடுத்து விளக்கின் கீழ் வைத்தேன். இரண்டிலும் புரி அசல். ஒரு கோடு பிசகவில்லை. வலது அச்சின் உள்முனை தட்டையாக, துணி நெசவின் பின்னல் பதிந்து இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும். இடது அச்சைத் திருப்பினேன்.

அதன் உள்முனையிலும் நெசவு பதிந்திருந்தது. ஆனால் நடுவிலிருந்து ஒரு விரல்நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சின்ன விரல். குழந்தை விரல். ஒரு பக்கம் ரேகைச் சுழி. மறு பக்கம் நகம். அதுவும் ஓரத்தில் கடித்த நகம். துணி அடைப்பை எடுத்துப் பார்த்தேன். தட்டையாகத்தான் இருந்தது. அதில் எந்தக் குழியும் இல்லை. காற்றுக்குமிழ் என்று சொல்லிக்கொண்டேன். காற்றுக்குமிழுக்கு நகம் உண்டா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். முப்பது வருடமாக உலகத்தில் உள்ள புளுகையெல்லாம் லென்ஸ் வைத்துப் பிடித்தவள் நான். லென்ஸ் காட்டுவதை நம்பாமல் இருக்க அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.

மின்அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்தேன். அளவு எடுத்தாகிவிட்டது, உருக்கித் தொலைத்துவிட்டால் என்ன விரல், என்ன நகம்? இடுக்கியால் அச்சைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனேன். பிடி லேசாக ஆடியது. நடுங்கியது என் கைதான், சத்தியமாக என் கைதான் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். தட்டிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் திறந்துகொண்டு உள்ளே வந்தாள் ஒரு பெண். முப்பது முப்பத்தோரு வயது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, உருக்கிட்டீங்களா?"

என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டேன். வக்கீலின் மகள் என்று சொன்னாள். பல் டாக்டர், தனியாக வீடு எடுத்து இருக்கிறாள், இரண்டு வருடமாக அப்பா வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

"அம்மா போன் பண்ணினாங்க. 'துப்பாக்கி பாக்க வந்த அந்தம்மா கையில அது இருக்கு, உருக்க விடாதே'ன்னு சொல்லி, உங்க விலாசத்தைக் குடுத்துட்டு வச்சிட்டாங்க. அம்மா தானா எனக்கு போன் பண்ணினதே கிடையாது."

அவளிடம் அச்சை நீட்டினேன். வாங்க அவள் வலது கையை நீட்டியபோதுதான் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் மேல்கணு இல்லை. தழும்பு இல்லை, தையல் இல்லை. தோல் வழுவழுவென்று மூடியிருந்தது. அங்கே எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை என்பது போல.

அச்சு எடுப்பது அவளுக்கும் தொழில். வாயில் பல் அச்சு எடுக்கிறவள். விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேகைக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு ஓடியது. நான் அதைக் கவனிக்கவில்லை.

"இது பென்சில் சீவும்போது பிளேடு வெட்டினது," என்றாள். "ஒண்ணாம் கிளாஸ்ல. நகம் கடிப்பேன், அதுக்காக வேப்பெண்ணெய் தடவுவாங்க அம்மா." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "நான் பொய் சொல்லலை ஆன்ட்டி. நான் பொய் சொல்லலை."

அழுது முடித்துவிட்டுச் சொன்னாள். அவளுக்கு ஏழு வயது. மாடி அறையில் அப்பாவும் அம்மாவும். எதற்குச் சண்டை என்று நினைவில்லை. அப்பா குடித்திருந்தார். அம்மாவைச் சுவரோடு நிறுத்தி, துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். இவள் ஓடிப்போய், இடது குழல் வாயில் விரலை விட்டு அடைத்தாள். தண்ணீர்க் குழாயை அடைப்பது போல அடைத்தால் எதுவும் வெளியே வராது என்று நினைத்தாள். அப்பா விசையை இழுத்தார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விரலை வெளியே எடுத்தபோது நுனி இல்லை. வலியும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

"மறுநாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. 'இது பிறவியிலேயே இப்படித்தான், புதுக் காயமே இல்லையே'ன்னார் டாக்டர். அப்பாவும் பிறவிக் குறைன்னார். ஸ்கூல்ல மிஸ்கூட, உனக்கு எப்பவும் இப்படித்தானேன்னாங்க. சரி, போகட்டும். அம்மாகிட்ட கேட்டேன். அம்மா என் கண்ணைப் பாக்காம, 'பிறவிதான்மா'ன்னாங்க. அதைத்தான் என்னால மன்னிக்கவே முடியலை."

"அதுக்கப்புறம் அப்பா துப்பாக்கியைத் தூக்கினாரா?"

"இல்ல, அந்த ஒரு தடவைதான். அன்னிக்கே பயந்துட்டார்."

ஏழு தோட்டா. ஏழு குழி. முதலாவதைத் தள்ளினாலும் மீதி ஆறு. எதற்கென்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் காதில் வந்தது: சும்மா, அப்பப்ப. ஊமை என்று அவருக்குத் தெரியும். சுடாது என்று நிச்சயமாகத் தெரிந்த குழலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன் வீட்டில் என்ன விளையாட்டு விளையாடுவான் என்று யோசித்தேன். அந்தக் குழலை இருபத்து நான்கு வருடம் அடைத்துக்கொண்டிருந்ததை இன்றைக்குக் காலையில் குச்சி போட்டுத் தள்ளி வெளியே எடுத்தவள் நான். அது அவருக்குத் தெரியாது. அடுத்த தடவை அவருக்கு விளையாட்டுத் தோன்றும்போதும் தெரியாது.

அவளிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன் தெரியுமா, என்கூட வந்துடும்மான்னு. கால்ல விழாத குறை. 'எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு'ம்பாங்க. என்ன வேலைன்னா பதிலே வராது. துப்பாக்கி துடைக்கிறதா வேலை?" எழுந்துவிட்டாள். "இதைத் திரும்ப உள்ள வச்சிட முடியுமா?"

"எனக்குத் தெரியாதும்மா. அதுக்கு முன்னாடி உங்க அம்மாவை வெளிய கூட்டிட்டு வரணும்."

அச்சைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன். அவள் காரில் போனோம். போகிற வழியில் நான் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்: ஓர் அளவு விட்டுப்போய்விட்டது என்று சொல்லி மேலே போக வேண்டும்; துப்பாக்கியை நான் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்; அதற்குள் மகள் அம்மாவைக் கீழே அழைத்துப்போய்விட வேண்டும். நன்றாகத்தான் இருந்தது திட்டம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள் என்றால் நடந்தும் இருக்கும்.

மாடியில் இருவருமே இருந்தார்கள். அம்மா பச்சைத் துணி மேசைக்கு அந்தப்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி ஏற்கெனவே வக்கீல் கையில் இருந்தது. மகளைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது.

"ரெண்டு வருஷம் கழிச்சு மகாராணிக்கு வழி தெரிஞ்சிருக்கு," என்றார்.

"கிளம்பும்மா," என்றாள் மகள். அவரைப் பார்க்கவே இல்லை.

"எங்க கிளம்பறது? இவ வந்தாலே இதே பாட்டு. மேடம், நீங்க ஏன் இவகூட? என் சான்றிதழ் என்னாச்சு?"

அப்போதுதான் அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்திருந்ததையும், இடது குழலின் தோட்டா அறையில் பித்தளை மின்னியதையும் பார்த்தேன். என் ஒத்திகை எல்லாம் பறந்துபோயிற்று.

"சார், அதை வெளிய எடுங்க. இடது குழல் இப்ப சுடும்."

சாதாரண மனிதன் என்றால் தோட்டாவை எடுத்திருப்பான். சேகரிப்பாளனிடம் இருபத்து நான்கு வருடமாக ஊமையான குழல் சுடும் என்று சொன்னால், அவன் சோதித்துத்தான் பார்ப்பான். இது தெரிந்தும் நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

"காதுல பூ சுத்தாதீங்க மேடம். மூணு மெக்கானிக் பாத்துக் கைவிட்டது." துப்பாக்கியை மூடினார். கிளிக் என்று அழகாக மூடிக்கொண்டது. "காலையில ஏதோ ஈயத்தை ஊத்தி எடுத்தீங்க, உடனே பேச ஆரம்பிச்சிடுமா? இருங்க, காட்டறேன். நீங்களும் பாத்துட்டு எழுதிக் குடுங்க." அவர் மனைவியைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. தண்ணீர் கொண்டு வா என்பதைப் போலத்தான் சொன்னார். "ஏய், உன் இடத்துல போய் நில்லு."

உன் இடம். இரண்டு அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குச் சுவர். அந்த இடத்தில் மட்டும் தரையின் மெருகு மங்கியிருந்தது. மகள் அதைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். ஒரு பெண்ணின் முகம் அப்படி இடிந்துபோவதை நான் இனி ஒரு தடவை பார்க்க விரும்பவில்லை.

அம்மா துடைக்கும் துணியை மடித்து மேசைமேல் வைத்தார்.

"இன்னிக்கு நிக்க மாட்டேன்," என்றார்.

வக்கீல் சிரித்தார். அடம்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று, தான் நின்ற இடத்திலிருந்தே துப்பாக்கியைத் தூக்கி மனைவி பக்கம் திருப்பினார். விசை மேல் விரல் இருந்தது. எனக்கு ஐம்பத்தாறு வயது, முட்டி வலி, மூச்சிரைப்பு. எப்படி மேசையைச் சுற்றி ஓடினேன் என்று தெரியாது. இரண்டு கையாலும் குழலுக்கு அடியில் முட்டி மேலே தள்ளினேன்.

வெடித்தது.

அந்த அறைக்குள் அது சத்தம் மாதிரி இல்லை. ஒரு அடி மாதிரி இருந்தது. கூரையிலிருந்து காரை பொலபொலவென்று கொட்டியது. அலமாரிக் கண்ணாடி முழுவதும் ஒரே சமயத்தில் அதிர்ந்தது. புகை கலைந்தபோது முதலில் அந்த அம்மாவைத் தேடினேன். நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு. மகள் அவரைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் தரையில் உட்கார்ந்திருந்தார். "ஊமைதானே அது," என்றார். "ஊமைதானே." அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ரெண்டு குழலும் நல்லாச் சுடுது சார்," என்றேன். "எழுதிக் குடுக்கறேன். உங்க பொண்டாட்டியைப் பாத்துச் சுட்டப்ப நானே பக்கத்துல இருந்தேன்னும் சேத்து எழுதிக் குடுக்கறேன், போலீஸ்ல."

துப்பாக்கியை அவர் மடியிலிருந்து எடுத்தேன். மறிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை; கூரையில் விழுந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் காலியா என்று பார்த்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா மகளின் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு என்னிடம் வந்தார். கையை நீட்டினார்.

"குடுங்க."

பையைத் திறந்தேன். கைக்குட்டையில் சுற்றும்போது அந்த உலோகம் ஜில்லென்று இருந்தது. இப்போது வெதுவெதுப்பாக இருந்தது. பைக்குள் கிடந்து வந்த சூடு அல்ல அது. தூங்கி எழுந்த குழந்தையின் கைச்சூடு. கூசிக்கொண்டே பிரித்துக் கொடுத்தேன். அவர் முந்தானையால் அதன் மேல் ஒட்டியிருந்த நூலைத் துடைத்தார். ரேகையைத் தன் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"தினமும் சுண்டுவிரலை உள்ள விட்டுத் தொட்டுப் பாப்பேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நுனிதான் எட்டும். நான் தொட்டா அதுவும் தொடும்."

மகள் அம்மாவிடம் திரும்பினாள். "அப்புறம் ஏம்மா பிறவின்னு சொன்னே?"

"இருக்குன்னு தெரிஞ்சா நீ எடுக்கப் பாத்திருப்பே. குழலுக்குள்ள கையை விடுவே. மிச்ச விரலும் போயிடும்." அம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "எத்தனையோ தடவை கூப்பிட்டே. வரக் கூடாதுன்னா இருந்தேன்? அந்தாள் நிக்கச் சொன்னப்பல்லாம் எனக்குப் பயமே இல்லைம்மா. குழலுக்குள்ள நீ இருந்தே. உன்னை இந்த வீட்டுல தனியா விட்டுட்டு நான் எங்க வர்றது?"

எனக்குக் கண்ணாடியெல்லாம் நனைந்துபோயிற்று. இதை மறைக்க ஒன்றுமில்லை, நான் அழுதேன்.

அந்த அம்மா துணிமணி எதுவும் எடுக்கவில்லை. கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அச்சின் நுனியை, நடக்கப் பழகும் குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல, தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். பிடித்த கையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு வைத்துக்கொண்டு, மெதுவாக வாசலைத் தாண்டினார். அவருடைய அடிக்கு அடி, இன்னொரு சின்ன அடிச் சத்தம் மாடிப்படியில் கேட்டது.

"பாத்து வா கண்ணு," என்றார் கீழே இறங்கிக்கொண்டே. "படி இருக்கு."

மகள் இன்னும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.